அடுத்த வீட்டுக் கொடியில் மஞ்சள் கவுன்

மதியம் இரண்டே முக்கால் மணி. தெருவின் ஒரு பக்கம் மட்டும் வீடுகள். எதிரில் ஒரு கிடங்கின் பின்சுவர், தெரு நீளத்துக்கும். அதில் ஜன்னல் கிடையாது, கதவு கிடையாது. வேலைக்குப் போன யாரும் திரும்பாத நேரம். ஆள் இல்லை, வண்டி இல்லை. இலை அசைகிற அளவுக்குக்கூடக் காற்று இல்லை… ஆனால் கொடியில் காய்கிற துணிகளில் ஒன்று மட்டும் ஆடுகிறது.

"மதியமா?" என்று இடைமறித்தார் பிளாஸ்க் அக்கா. "பேய்க் கதைன்னா ராத்திரி பன்னெண்டு மணின்னு ஆரம்பிக்கணும்மா. இது ஆபீஸ் நேரமாச்சே."

"பகல் டியூட்டி போட்டிருப்பாங்க" என்றார் நர்ஸ். "எங்க ஆஸ்பத்திரி மாதிரி. ஆள் பத்தலைன்னா பேயா மனுசனான்னா பார்ப்பாங்க?"

ரயில் நான்கு மணி நேரம் தாமதம். பெண்கள் காத்திருக்கும் அறையில் ஐந்து பேர் இருந்தோம். ஒரு பக்கம் கூரை ஒழுகியதால் இரண்டு பெஞ்சுகளையும் மறுபக்கச் சுவரோரமாக இழுத்துப் போட்டு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம். மடியிலிருந்து பிளாஸ்க்கை இறக்காத ஓர் அக்கா, ஒரு நர்ஸ், ஒரு டீச்சர், காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றாத ஒரு கல்லூரிப் பெண், நான். ஆளுக்கொரு கதை என்று பேச்சு. மூன்று கதைகளில் மூன்று புளிய மரங்கள் வந்துவிட்டன. என்னுடைய கதையில் மரமே கிடையாது என்று முன்னதாகவே சொல்லிவிட்டேன்.

இது என் தோழியின் சித்திக்கு நடந்தது. தோழி சித்தி என்றுதான் சொல்லுவாள், நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

சித்தி தையற்காரி. வீட்டிலேயே தைப்பவர். பெரும்பாலும் குழந்தைகளின் துணி, பள்ளிச் சீருடை. வெளிச்சத்துக்காக மெஷினைப் பின்பக்க ஜன்னலோடு ஒட்டிப் போட்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே இடுப்புயரச் சுவர். அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் கொல்லை. ஒரு குழாய், ஒரு துவைக்கிற கல், ஒரு நைலான் கொடி.

அந்த வீட்டுக்குப் புதிதாக ஒரு புருஷனும் பெண்டாட்டியும் குடிவந்திருந்தார்கள். அவன் மருந்துக் கடையில் வேலை. அவள் செல்போன் கடையில். காலை எட்டு மணிக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு போனால் இரவு ஏழு மணிக்குத்தான் வருவார்கள். செவ்வாய் இரவு துவைப்பார்கள். புதன் முழுக்கத் துணி கொடியில் கிடக்கும். சட்டை, பேன்ட், சுடிதார், துண்டு. அப்புறம், ஓரத்தில், ஒரு குழந்தைக் கவுன்.

மஞ்சள் நிறம். சிறிய கட்டம். கழுத்தில் வெள்ளைப் பட்டி.

ஆனால் குழந்தையைச் சித்தி பார்த்ததே இல்லை.

முதல் புதன்கிழமை அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு வயதுக் குழந்தை, நீளம் இருபத்து நாலு இன்ச், மார்பும் இருபத்து நாலு என்று கண் தானாக அளந்தது. தையற்காரிக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. கீழே மூன்று மடிப்பு வைத்துத் தைத்திருந்தது. பிள்ளை வளர வளர ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துவிடலாம். விவரமான அம்மாதான் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது ஒரு மடிப்பு பிரிந்திருந்தது. பழைய மடிப்பின் கோடு வெளுத்துத் தெரிந்தது. சரி, வளர்கிறது. ஆனால் பக்கத் தையலைப் பிடித்துத் தைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும், ஒவ்வொரு விரல் அளவு.

துணியைப் பிடிப்பது எப்போது? உடம்பு இளைத்தால்.

இன்னும் இரண்டு வாரம். அடுத்த மடிப்பும் பிரிந்தது. பக்கவாட்டில் இன்னும் பிடித்திருந்தது. மார்பு இப்போது இருபது இருக்கலாம். சித்தி மெஷினை நிறுத்திவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது மணி இரண்டே முக்கால். அப்போதுதான் அந்தச் சத்தம்…

பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து. எவர்சில்வர் தட்டைத் தரையில் இழுக்கிற சத்தம். கிர்ர்ர். நிற்கிறது. மறுபடியும் கிர்ர்ர். சாப்பாடு இருக்கிற தட்டை இழுத்தால் கனமாக, ஒரே சீராகக் கேட்கும். இது காலித் தட்டு. தரையில் பட்டுத் துள்ளுகிற சத்தம். கூடவே சுவருக்கு இந்தப் பக்கம் வரை ஒரு வாடை, பால் திரிந்தால் வருமே, அது.

"எலியா இருக்கும்" என்றார் டீச்சர், மெதுவாக.

சித்தியும் அப்படித்தான் நினைத்துப் பார்த்தார். எலி தினம் ஒரே நேரத்துக்கு வராது. மறுநாளும் இரண்டே முக்கால். அதற்கு மறுநாளும்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் குழாயடியில் நின்றபோது சித்தி சுவரோரம் போய்ப் பேச்சுக் கொடுத்தார். தண்ணீர் வருகிறதா, வாடகை எவ்வளவு என்று சுற்றி வளைத்துவிட்டு, "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கம்மா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லக்கா" என்றாள் அவள். சொல்லிவிட்டுக் கொடியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சித்தியின் முகத்தை. ஏதோ கேட்க வாயெடுத்தவள், கேட்காமல் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பொய் சொல்கிறவளின் பார்வை. இதைவிட வேறென்ன அடையாளம் வேண்டும்?

தோழிக்குப் போன் செய்தார். தோழிக்கு வேலை எங்கே தெரியுமா, குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில். புகார் வந்த வீடுகளுக்கு அதிகாரி போகும்போது ஃபைலைத் தூக்கிக்கொண்டு கூடவே போகிற உதவியாளர்.

"குழந்தையை நீ பார்த்தியா சித்தி?"

"துணியைப் பார்த்தேன்டி."

"துணியைப் பார்த்தாப் போதுமா?"

"எனக்குப் போதும். ஆளைப் பார்த்தா துணி அளவு சொல்லுவேன், துணியைப் பார்த்தா ஆளைச் சொல்லுவேன். முப்பது வருசமா இதுதானே பொழப்பு."

"அவங்க பிள்ளையே இல்லேங்கறாங்களே."

"அதான்டி பயமா இருக்கு. இருக்கிற பிள்ளைய இல்லேன்னு சொல்றவங்க, நாளைக்கு நிஜமாவே இல்லாம பண்ணிடுவாங்க."

தோழிக்கு அங்கேதான் வாய் தவறியது. அவள் ஐந்து வயதிலிருந்து பத்து வயதுவரை சித்தி வீட்டில் வளர்ந்தவள். அப்பா அம்மா இரண்டு பேருக்கும் வேறு ஊரில் வேலை. பள்ளி விட்டு மதியம் வந்தால் சித்தி மெஷினில் இருப்பார். பசிக்கிறது என்று சொன்னால், "இந்த வரி தைச்சு முடியட்டும்" என்பார். வரி முடிந்தால் அடுத்த வரி இருக்கும். மெஷினுக்கு அடியில், பெடல் மேலும் கீழும் போவதைப் பார்த்துக்கொண்டே அவள் தூங்கிப்போவாள். அடித்ததில்லை, திட்டியதில்லை. நிறுத்தியதும் இல்லை. இவற்றையெல்லாம் அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்படியான குறை என்றும் நினைத்ததில்லை. ஆனால் அன்று போனில் தானாக வந்துவிட்டது.

"நான் உன் மெஷினுக்கு அடியில வளர்ந்தவ சித்தி. அப்ப பக்கத்து வீட்டுக்காரங்க யாராவது புகார் கொடுத்திருந்தா நீ என்ன பண்ணியிருப்ப?"

மறுமுனையில் மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது.

"கொடுத்திருக்கணும்" என்றார் சித்தி. போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகும் பத்து நாள் அவர் புகார் கொடுக்கவில்லை. குழந்தைகள் உதவி எண்ணை மெஷின் மேலேயே சுண்ணத்துண்டால் எழுதி வைத்திருந்தார். தினமும் அழிந்துபோகும், தினமும் எழுதுவார். தப்பாக இருந்தால் ஒரு குடும்பத்தின் மானம் போகும். சரியாக இருந்தால் ஒவ்வொரு நாளும் அந்தப் பிள்ளைக்கு ஒரு வேளைச் சாப்பாடு போகும். இந்தக் கணக்கோடு தன் மேலும் சந்தேகம் சேர்ந்துகொண்டது. இத்தனை வருடம் இல்லாமல் இப்போது ஏன் ஊரார் பிள்ளை மேல் இவ்வளவு துடிப்பு? பழைய தப்புக்கு அடுத்தவரைத் தண்டிக்கப் பார்க்கிறோமோ?

"ஒரு நிமிசம்" என்று கையைத் தூக்கினாள் ஹெட்போன். காதில் எதுவும் ஓடவில்லை போலிருக்கிறது. "உங்க ஃப்ரெண்டோட சித்தி மனசுக்குள்ள நினைச்சது உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"சித்தி தோழிகிட்ட சொன்னாங்க. தோழி என்கிட்ட சொன்னா. ஒரு ராத்திரி முழுக்கச் சொன்னா."

"ம்ம்" என்றாள் அவள். நம்பிய மாதிரி தெரியவில்லை.

கடைசி மடிப்பும் பிரிந்த புதன்கிழமை சித்தி போன் செய்தார். கேள்விகள் எல்லாம் வரிசையாக வந்தன. குழந்தையின் பெயர்? தெரியாது. வயது? ஆறு. ஆணா பெண்ணா? பெண். நேரில் பார்த்தீர்களா? இல்லை. அழுகைச் சத்தம் கேட்டதா? இல்லை… தட்டுச் சத்தம். எதிர்முனையில் இருந்தவர் சற்றே நிறுத்தி, "தட்டுச் சத்தமா?" என்று திருப்பிக் கேட்டார். சித்திக்கு உடம்பு கூசிவிட்டது. ஆனாலும் எழுதிக்கொண்டார்கள். எந்தப் புகாராக இருந்தாலும் ஒரு நாளைக்குள் நேரில் போய்ப் பார்த்தாக வேண்டும் என்பது அங்கே விதி.

போனது அதிகாரியும் என் தோழியும். புகார் சொன்னவரின் பெயரை வெளியே சொல்லக் கூடாது. அது தன் சித்தி என்று தோழி அதிகாரியிடமும் சொல்லவில்லை.

அந்த அதிகாரி இருபது வருடமாக இந்த வேலையில் இருப்பவர். எந்த வீட்டுக்குப் போனாலும் பெற்றவர்களிடம் பேச்சுக் கொடுப்பதற்கு முன்னால் சமையலறையையும் குளியலறையையும் பார்த்துவிடுவார். மறைக்க நினைப்பவர்கள் பாயை மறைப்பார்களாம், பொம்மையை மறைப்பார்களாம், சின்னப் பல் துலக்கும் பிரஷை மறந்துவிடுவார்களாம்.

இரவு ஏழரை மணிக்கு அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் எல்லா அறையையும் திறந்துவிட்டார்கள். இரண்டு பிரஷ். இரண்டு தட்டு. கட்டிலுக்கு அடியில் சூட்கேஸ். மேலே பரணில் பழைய செய்தித்தாள். குழந்தை இருந்ததற்கான ஒரு மயிரிழைகூட இல்லை. கலியாணமாகி ஒன்றரை வருடம்தான் ஆகிறது என்றார்கள். காகிதம் காட்டினார்கள்.

"கொடியில குழந்தைக் கவுன் காயுதே" என்றார் அதிகாரி.

பெண்டாட்டி புருஷனைப் பார்த்தாள். "அது எங்களோடது இல்ல மேடம். பக்கத்து வீட்டுத் தையற்கார அக்காவோடது."

"அவங்க துணி உங்க கொடியில எப்படி?"

"அவங்க பக்கம் வெயில் வராது. தைக்க வந்த துணிய அலசி இங்க போடறாங்கன்னு நினைச்சோம். கேட்டா நல்லா இருக்காதுன்னு விட்டுட்டோம். ராத்திரி நான்தான் எடுத்து மடிச்சு சுவர் மேல அவங்க பக்கமா வைப்பேன். காலையில இருக்காது. எடுத்துக்கிட்டாங்கன்னு…" அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "புகார் கொடுத்தது அவங்கதானா?"

அதிகாரி பதில் சொல்லத் தேவை இருக்கவில்லை. சத்தம் கேட்டுச் சித்தியே வாசலுக்கு வந்து நின்றுவிட்டார்.

அந்தப் புருஷன், அதுவரை அதிர்ந்து பேசாதவன், சித்தியைப் பார்த்துச் சொன்னான்: "ரெண்டு தடவை கலைஞ்சிருக்கு எங்களுக்கு. உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா இப்படிப் பண்ணியிருக்க மாட்டீங்க."

சித்தி வாசற்படியிலிருந்து ஒரு படி கீழே இறங்கிக்கொண்டார்.

அன்றும் புதன்கிழமை. கவுன் கொடியில் இருந்தது. மற்ற துணியெல்லாம் காய்ந்திருந்தது, அது மட்டும் ஈரமாக இருந்தது. அதிகாரி அதை வாசல் விளக்கடியில் கொண்டுவந்து சித்தியையே அளக்கச் சொன்னார். நீளம் முப்பது. மார்பு… சித்தி டேப்பை இரண்டாம் முறை சுற்றினார். பதினாறு.

"பொறந்த குழந்தைக்கே பதினெட்டு வைப்போம்" என்றார், தனக்குத்தானே.

"அது சரி" என்றார் அதிகாரி. அவருக்குத் தையல் தெரியாது. ஆனால் இரண்டு பிள்ளை பெற்றவர். "ஆறு வாரத்துல ஆறு இன்ச் எந்தப் பிள்ளைம்மா வளரும்?"

வருடா வருடம் பள்ளி திறக்கிற சமயத்தில் நூற்றுக்கணக்கான மடிப்புகளைப் பிரித்துவிட்ட கை சித்தியுடையது. நீளம் கூடுவது அவருக்குச் செய்தியே இல்லை. அகலம் குறைவதை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார். தையல் தெரியாத யாரும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

"நான் சொல்லட்டுமா?" என்றார் பிளாஸ்க் அக்கா. "சித்தியே தைச்சு, சித்தியே தொங்க விட்டிருக்கு. தனியா இருக்கிற பொம்பளை. மூளை கொஞ்சம் அப்படி இப்படி ஆகியிருக்கும்."

அதிகாரிக்கும் அதே சந்தேகம். தோழியின் காதோரம் அதைத்தான் கேட்டார். தோழி கவுனைப் புரட்டிப் பார்த்தாள். சித்தியின் கைத்தையலை அவள் இருட்டிலும் கண்டுபிடிப்பாள். இது அது இல்லை. ஊசி எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து ஏறியிருந்தது. இடது கையால் தைத்த தையல். சித்தி வலது கைக்காரி.

தோழிதான் இடது கைக்காரி.

கூரையிலிருந்து வாளியில் சொட்டுகிற சத்தம் மட்டும்.

"அப்ப அந்தக் குழந்தை உங்க ஃப்ரெண்டா?" என்றாள் ஹெட்போன்.

"அவ உயிரோட இருக்காம்மா. போன வாரம்கூட போன்ல என்னோட சண்டை போட்டா. மஞ்சள்ல அவகிட்ட ஒரு கவுன்கூட இருந்ததில்ல. இது எனக்கும் புரியலை. அவளுக்கும் புரியலை. அவ சொன்னதை அப்படியே சொல்றேன், அவ்வளவுதான்."

வேலையை முடிக்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு அந்தக் கவுனை என்ன செய்வது? கேட்பாரற்ற பொருள் என்று எழுதினால் அதற்குத் தனி ஃபைல், மூன்று பிரதி. அதிகாரி சித்தியிடமே நீட்டினார். "நீங்க வெச்சுக்குங்கம்மா. யாராவது தேடி வந்தா கொடுங்க." கொடுத்ததற்குக் கையெழுத்து வேண்டுமே. கையில் இருந்தது ஒரே படிவம். அதில் ஒப்படைப்பு என்று ஒரே ஒரு கட்டம். மேலே அச்சில் இருந்தது: குழந்தையைப் பொறுப்பேற்றுக்கொள்பவர். அதிகாரி அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார். குழந்தை என்ற சொல்லை அடித்துவிட்டுத் துணி என்று எழுதியிருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை. சித்தி முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனா மை தீர்ந்து, இரண்டாம் முறை அழுத்திப் போட்டார்.

அதற்குப் பிறகு அடுத்த வீட்டுக் கொடியில் எதுவும் ஆடவில்லை. அந்தப் பெண் கொல்லைக் கதவை அடைத்தே வைத்தாள். தெருவில் எதிர்ப்பட்டால் புருஷன் தலையைத் திருப்பிக்கொண்டான். தோழி பயந்துகொண்டே பத்து நாள் போன் செய்யவில்லை. பதினோராம் நாள் மதியம் செய்தாள்.

சித்தியின் குரல் தெளிவாக இருந்தது. அதுவே தோழிக்குச் சந்தேகமாக இருந்தது. பின்னணியில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இந்த வாரம் இத்தனை உருப்படி, பட்டன் விலை ஏறிவிட்டது என்று பேசிக்கொண்டே போனார். திடீரென்று மெஷின் நின்றது. வரியின் நடுவில் நின்றது என்பது கேட்கும்போதே தெரிந்தது.

"வெச்சுடறேன்டி. நேரமாயிடுச்சு."

"எதுக்கு சித்தி நேரம்?"

போன் கட் ஆகிவிட்டது. தோழி மணியைப் பார்த்தாள். இரண்டே முக்கால்.

அப்போது அவளுக்கு வந்தது பயமில்லை. அதை என்னிடம் சொல்ல அவள் ரொம்பத் தயங்கினாள். பொறாமை. ஐந்து வருடம் அந்தப் பெடலைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தவள். அவளுக்காக ஒரு நாளும் நிற்காத மெஷின், வேறு யாருக்கோ நின்றது.

மறுநாள் அலுவலகத்துக்குப் புகார் வந்தது. கொடுத்தவள் அடுத்த வீட்டுப் பெண்டாட்டி. காய்ச்சலில் அவள் வீட்டிலேயே படுத்திருந்தாளாம், போன வாரம் நான்கு நாள். "தையற்கார அக்கா வீட்ல ஒரு குழந்தை இருக்கு மேடம். மதியம் தட்டை இழுக்கிற சத்தம். அப்புறம் தேம்பல். அவங்க மெஷின் மட்டும் நிக்காம ஓடுது. சொல்லலாமா வேண்டாமான்னு ரெண்டு பேரும் இத்தனை நாள் யோசிச்சோம். பழிவாங்கறோம்னு நினைப்பீங்க. நினைச்சுக்குங்க. ஆனா போய்ப் பாருங்க. அது பசியில அழற அழுகை."

பழிவாங்கல்தான் என்று அதிகாரி எழுதியே வைத்துவிட்டார். ஆனாலும் விதி விதிதான். மதியம் இரண்டரை மணிக்குக் கிளம்பினார்கள்.

சித்தி கதவை ஒரு சாண் மட்டும் திறந்தார். கை ஈரமாக இருந்தது. உள்ளேயிருந்து சூடான சாப்பாட்டின் மணம்.

"செருப்பை வெளியிலேயே விட்டுட்டு வாங்க."

மெஷினைத் துணி போட்டு மூடியிருந்தது. வேலை நாளில், பகல் மூன்று மணிக்கு. தோழி தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. மேசையில் அந்த மஞ்சள் கவுன் உள்பக்கம் வெளியே தெரியக் கிடந்தது. பக்கத் தையலைப் பிரித்திருந்தார்கள். பழைய தையலின் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. பக்கத்தில் சுண்ணத்துண்டு, கத்தரி, டேப்.

"உங்க வீட்ல ஒரு குழந்தை இருக்குன்னு புகார் வந்திருக்கு" என்றார் அதிகாரி. "பட்டினி போடறீங்கன்னு."

"முதல் நாலு நாள் போட்டேன் மேடம். அது நிஜம்" என்றார் சித்தி. "எனக்குப் பயமா இருந்துச்சு. காலைப் பெடல்லயே வெச்சுக்கிட்டு, திரும்பிப் பார்க்காம ஓட்டிட்டே இருந்தேன். அஞ்சாம் நாள் நிறுத்திட்டேன். இப்ப சாப்பிடுது. இன்னும் கொஞ்சம் கொஞ்சமாத்தான். வயிறு சுருங்கிப் போச்சு, பாவம்."

"எந்தக் குழந்தைம்மா?"

"நீங்க கையெழுத்து வாங்கினீங்களே, அது."

தோழிக்கு அப்படியே சித்தியின் கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப் போய்விட வேண்டும் என்று தோன்றியது. அதிகாரி பதறவில்லை. இருபது வருடத்தில் இல்லாத பிள்ளைக்குப் பெயர் வைத்தவர்களையும் அவர் பார்த்திருக்கிறார். "சரிம்மா. நான் நேர்ல பார்க்கணும். அதுதான் முறை."

"உள் ரூம்ல இருக்கு."

அதிகாரி திரைச்சீலையை விலக்கிக்கொண்டு போனார். சீலை மறுபடி விழுந்தது. உள்ளே பேச்சுச் சத்தம் எதுவும் இல்லை. சுவரில் கடிகாரம் ஓடியது. ஒரு நிமிடம். மூன்று நிமிடம். காலியாக இருக்கிற ஓர் அறையைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

சித்தி தோழியைப் பார்த்தார். முன்பின் தெரியாத மாதிரி நடிக்க வேண்டும் என்று இருவருக்குள்ளும் ஓர் ஏற்பாடு. அதை மறந்துவிட்டு அவள் கன்னத்தைத் தொட்டார்.

"இளைச்சுட்டியேடி. சாப்பிட்டியா?"

"இல்ல சித்தி" என்றாள் தோழி. சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். வாயில் அதுதான் வந்தது.

எட்டு நிமிடம் கழித்து அதிகாரி வெளியே வந்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்து படிவத்தை எடுத்து மடியில் வைத்து எழுதினார். எப்போதும் எழுதிக்கொண்டே சத்தமாகப் படிப்பவர், அன்று படிக்கவில்லை. தோழி எட்டிப் பார்த்தாள். குழந்தையின் நிலை என்ற இடத்தில் இருந்தது: மெலிவு. கவனிப்பு உண்டு. இங்கேயே இருக்கலாம்.

புறப்படும்போது சித்தியின் முழங்கையை ஒருமுறை அழுத்தினார். வெளியே வந்ததும் கதவைத் தானே சாத்தினார். தாழ்ப்பாள் இரும்பில் இடிக்காதபடி, நடுவில் ஒரு விரலைக் கொடுத்து.

தெருவில் யாருமில்லை. கிடங்குச் சுவரோரமாக நடந்தார்கள். அதிகாரி செருப்பைக் கையில் பிடித்திருந்தார், போட்டுக்கொள்ளவில்லை. தார் கொதிக்கிற வெயில். தெரு முடிந்து, கடைவீதி வந்து, வண்டிகளின் இரைச்சலுக்குள் நுழைந்த பிறகுதான் தோழிக்குத் தைரியம் வந்தது.

"மேடம், உள்ள என்ன பார்த்தீங்க?"

அதிகாரி நின்றார். திரும்பி, வந்த வழியை ஒருமுறை பார்த்தார். பிறகு உதட்டின் மேல் விரலை வைத்தார்.

"மெதுவாப் பேசு" என்றார், காற்றாக. "இப்பதான் கண் அசந்திருக்கு."